தரையிலிருந்து மூன்றடி

கோடை விடுமுறையில் எங்கள் பள்ளிக்கு வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. மேல் சுவரை முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிய பெயிண்டர், கையைத் துணியில் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"டீச்சர், அடியில சுத்திவர கறுப்புப் பட்டை ஒண்ணு ஓடுதே, அதையும் சேத்து வெள்ளை அடிச்சிரவா? ஸ்மார்ட் போர்டு மாட்டப் போறாங்கன்னு சொன்னீங்க. ரூம் பளிச்சுன்னு இருந்தா நல்லாருக்கும்ல?"

"அதை மட்டும் விட்டுவைங்கண்ணே. நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நேரத்தில் எனக்கே தெளிவில்லை. அவர் சொன்னதில் தவறொன்றும் கிடையாது. அந்தப் பட்டையில் பிள்ளைகள் எழுதி ஆண்டுகள் ஆகிவிட்டன. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கி மூன்றடி வரை போகும் அந்தப் பட்டை, நான்கு சுவர்களையும் சுற்றிவந்து, வாசல் வரும் இடத்தில் மட்டும் அறுந்து மறுபடி தொடர்கிறது. இரண்டடிக்கு ஒரு வெள்ளைக் கோடு கிழித்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் எழுதியிருந்தோம். 17-ஆம் கட்டத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் யாரோ ஆணியால் கீறிய மீன் ஒன்று இன்னமும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு காலத்தில் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். கீழ்மட்டக் கரும்பலகை என்று அதற்குப் பெயர். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதற்கும் பரவிய செயல்வழிக் கற்றலோடு, அதாவது பிள்ளைகள் பாட அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் தாமே செய்து கற்கும் முறையோடு, அது எங்கள் வகுப்பறைக்குள் வந்தது. கூடவே அட்டைகள் அடுக்கிய தட்டுகள் வந்தன. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் கற்றல் ஏணி சுவரில் ஏறியது. பிள்ளைகள் வரைந்த படங்களைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டினோம். வருகையைப் பிள்ளைகளே குறித்துக்கொள்ளும் அட்டவணையும் ஆரோக்கியச் சக்கரமும் வாசலருகே இடம்பிடித்தன. பெஞ்சுகள் இருந்த பள்ளிகளில் அவற்றை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். எங்கள் பள்ளியில் எடுப்பதற்கு அப்படியொன்றும் பெரிதாக இருக்கவில்லை.

அந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அட்டைகளைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் வகுப்பறையை உண்மையில் மாற்றிப் போட்டது அந்தக் கறுப்புப் பட்டைதான். அதுவரை எங்கள் அறையில் இருந்த ஒரே கரும்பலகை என் தோள் உயரத்தில் தொடங்கியது. அதில் நான் எழுதுவேன், எப்போதாவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை அழைத்தால் அது நாற்காலி மேல் ஏறி எழுதும். மற்றவர்கள் எழுதுவதெல்லாம் மடியில் வைத்த சிலேட்டில். சிலேட்டில் எழுதுவதைக் கையால் மூடி மறைத்துக்கொள்ளலாம், எச்சில் தொட்டு அழித்துவிடலாம், எழுதாமலே எழுதியதுபோல் பாவனையும் காட்டலாம். சுவரில் அது முடியாது. பிள்ளைகள் முப்பது பேரும் முதுகை எனக்குக் காட்டி, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்து எழுதிய முதல் நாளில், அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தேன். யார் 'ழ'கரத்தைக் காலிலிருந்து மேல் நோக்கி எழுதுகிறார்கள், யார் 'ன'கரத்துக்கு ஒரு சுழி கூடுதலாகப் போடுகிறார்கள் என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. எனக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கட்டக்காரருக்கும் தெரிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பாதித் திருத்தங்கள் முடிந்துவிடும். "ஏய், ஒனக்குச் சுழி மூணு" என்று ஒரு குரல் கேட்கும். முழங்கையால் அழித்துவிட்டு அந்தப் பிள்ளை மறுபடி எழுதும்.

இந்த முறையின் ஊற்று எங்கே என்று தேடினால், சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்து அதைக் கொண்டுவந்த எம்.பி. விஜயகுமாரிலிருந்து, மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென இந்த அட்டை ஏணியை வடிவமைத்த பத்மநாப ராவ், ரமா இணையரிடம் போகலாம்; அங்கிருந்து, 1972-இல் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் பள்ளியைத் தொடங்கி அவ்விருவருக்கும் பயிற்சியளித்த டேவிட் ஹார்ஸ்பரோவிடம் போகலாம். ஆனால் சுவரின் அடியில் கரும்பலகை என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் 1907 ஜனவரி 6 அன்று குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி, தம் வகுப்பறையில் இருக்க வேண்டியவற்றை விவரிக்கும்போது, மிகச் சிறிய பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் சுவரில் மாட்டிய கரும்பலகைகளைக் குறிப்பிடுகிறார். பிள்ளைகளே திறந்து மூடக்கூடிய தாழ்வான நீள அலமாரியும், அவர்களே தூக்கி நகர்த்தக்கூடிய எடையற்ற நாற்காலிகளும் அந்த விவரிப்பில் உண்டு. நாற்காலி கீழே விழுந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு அவருடைய பதில், அந்தச் சத்தம்தான் பிள்ளைக்குப் பாடம் என்பதாக இருந்தது. தரையோடு ஆணியடித்த பெஞ்சு, பிள்ளையின் தடுமாற்றத்தை மறைத்துவிடுகிறது. தடுமாற்றம் தெரியாவிட்டால் அதைத் திருத்திக்கொள்வதும் நடக்காது.

அந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்ததும், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானதால் இங்கேயே தங்க நேர்ந்ததும், அதில் சில ஆண்டுகளைக் கொடைக்கானலில் கழித்ததும் பலருக்குத் தெரிந்த செய்திதான். நம் ஊரில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வாசல் பலகையைத் தவிர வேறெங்கும் அவர் இருப்பதில்லை என்பதும், ரோம் நகரின் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் செய்த ஏற்பாடு தமிழ்நாட்டின் ஏழைப் பிள்ளைகளிடம் வேறொரு பெயரில், வேறொரு வழியாக, நூறு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தது என்பதும் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

ஏறக்குறைய அதே காலத்து அமெரிக்கக் கதை ஒன்றும் உண்டு. தத்துவவாதியும் கல்வியாளருமான ஜான் டூயி, சிகாகோவில் தாம் நடத்திய பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். எதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர், உங்களுக்கு வேண்டியது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பவை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதற்கானவை என்று சொல்லிவிட்டாராம். 1899-இல் ஆற்றிய ஓர் உரையில் டூயி இதைச் சொல்கிறார். கல்விக் கொள்கையைப் பற்றி எத்தனையோ அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். ஒரு மரச்சாமான் வியாபாரி அளவுக்கு விஷயத்தைச் சரியாகப் பிடித்த அறிக்கை குறைவு.

இதைச் சொல்லும்போது எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். பாய் விரித்துத் தரையில் உட்கார வைத்தபோது எங்கள் ஊரில் எல்லோரும் மகிழவில்லை. முழங்கால் வலியால் அவதிப்பட்ட மூத்த ஆசிரியர்கள் முணுமுணுத்தது ஒரு பக்கம். அட்டைகள் கிழிந்து, தொலைந்து, மறு அச்சு வராமல் ஏணியில் ஓட்டை விழுந்தது இன்னொரு பக்கம். இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, பேத்தியைச் சேர்க்க வந்த ஒரு தாத்தாவின் கேள்வி. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தவர், "நாங்கதான் தரையில உக்காந்து படிச்சோம், இவளுமா டீச்சர்?" என்றார். அவருடைய தலைமுறைக்குத் தரை என்பது சும்மா ஒரு தளம் இல்லை. யார் பெஞ்சில், யார் தரையில், யார் வாசலுக்கு வெளியே என்று பிரித்து வைத்திருந்த நாட்களை அவர் பார்த்தவர். பெஞ்சு அவருக்கு மரியாதை. தனியார் பள்ளியில் பெஞ்சு இருக்கிறது, இங்கே பாய் இருக்கிறது என்றால், அதை அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? "தாத்தா, நானும் தரையிலதான் உக்காருறேன், வந்து பாருங்க" என்று சொன்னேன். அவர் சிரித்தார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. வடிவமைப்பாளர்கள் இந்த இடத்தைப் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஒரு பொருள் பிள்ளைக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது என்பதோடு கணக்கு முடிவதில்லை; அந்த உயரத்துக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

தரையை வைத்து யோசித்தவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் நெதர்லாந்துக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர். 1932-இல் பிறந்தவர், அவரே மாண்டிசோரி பள்ளியில் படித்தவர். டெல்ஃப்ட் நகரில் 1960 முதல் 1966 வரையிலான காலத்தில் அவர் வடிவமைத்துக் கட்டிய மாண்டிசோரி பள்ளியின் வரைபடத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில் பார்த்தேன். வகுப்பறைகள் சதுரமாக இல்லாமல் 'ட' எழுத்தைப்போல் மடங்கியிருந்தன. மடிப்பின் ஒரு பக்கத்தில் களிமண், சாயம், தண்ணீர் என்று கை அழுக்காகும் வேலைகள். மறுபக்கத்தில் படிப்பும் எழுத்தும். நடுவில் சுவர் கிடையாது, ஆனாலும் ஒரு வேலை மற்றொன்றின் மேல் சிந்துவதில்லை. ஆசிரியர் எங்கிருந்து பார்த்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கண்ணில் படமாட்டார்கள் என்பதைக் கவனித்தபோது எனக்கு முதலில் கலக்கமாக இருந்தது. நாலு சுவருக்குள் யாரும் ஒளிய இடமில்லாத அறைதானே நாம் கட்டி வைத்திருப்பது? பிள்ளைக்குச் சற்று ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை வேண்டும் என்று ஒரு கட்டடக் கலைஞர் நினைத்திருக்கிறார் என்பதே புதிதாக இருந்தது.

அந்தப் பள்ளியின் கூடத்து நடுவில் செங்கல்லால் கட்டிய ஒரு திண்டு இருக்கிறது. அவ்வளவுதான், ஒரு திண்டு. நடுக் கூடத்தில் இப்படி ஒன்றை அசையாமல் கட்டிவைத்தால் இடைஞ்சலாக இருக்காதா, தேவையில்லாதபோது ஓரமாக நகர்த்துவதுபோல் செய்தால் என்ன என்று நீண்ட விவாதம் நடந்ததாக ஹெர்ட்ஸ்பெர்கர் எழுதியிருக்கிறார். அவர் அசையவில்லை, திண்டும் அசையவில்லை. பிள்ளைகள் அதன் மேல் உட்கார்ந்தார்கள், சாமான்களைப் பரப்பி வேலை செய்தார்கள், ஏறி நின்று பாடினார்கள். உள்ளேயிருந்து பலகைகளை இழுத்து நீட்டினால் நாடக மேடையாகவும் ஆனது. வெறும் தரையில் பிள்ளைகள் சிதறிப் போவார்கள். நடுவில் ஒரு மேடு இருந்தால் அதைச் சுற்றிக் கூடுவார்கள். நம் ஊர் ஆலமரத்தடி மேடையையும் வீட்டுத் திண்ணையையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழலையர் பகுதியிலோ அவர் நேர்மாறாகச் செய்தார். அங்கே திண்டுக்குப் பதில் ஒரு சதுரப் பள்ளம். பள்ளத்துக்குள் மரக்கட்டைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். எடுத்து வெளியே வைத்தால் அவை முக்காலிகள். வரிசையாக வைத்தால் ரயில். ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கோபுரம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ள ஒரு குழி. வகுப்பை மூடும் நேரத்தில் முப்பது பிள்ளைகளை அமைதிப்படுத்தி ஒன்றாக உட்கார வைப்பதன் பாடு தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குழி எனக்கு உடனே வேண்டும்.

குழியும் திண்டும் ஐரோப்பியக் குளிருக்குச் சரி, இங்கே முதல் பிரச்சினை கூரை என்று என் சக ஆசிரியர் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கூரையில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தபின், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அகற்றியது மிகச் சரி. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் கீற்று இறங்கிய இடங்கள் பலவற்றில் தகரமும் ஆஸ்பெஸ்டாசும் ஏறின. நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், தகரக் கூரை போட்ட வகுப்பறையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்தப் பாடமும் நடந்ததில்லை. பிள்ளைகளைப் புங்க மரத்தடிக்கு அழைத்துப் போய்விடுவோம். பதிவேட்டில் அது சுற்றுச்சூழல் கல்வி என்று பதிவாகும்.

அந்தப் பிற்பகல்களை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் பிரான்சிஸ் கெரே நினைவுக்கு வருவார். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், காண்டோ என்னும் சிற்றூரில் 1965-இல் பிறந்தவர். ஊர்த் தலைவரின் மூத்த மகன். ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வீட்டைவிட்டுத் தொலைவில் தங்கிப் படிக்கப் போனார். இருட்டும் புழுக்கமும் நிறைந்த, நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அடைத்த ஒரு வகுப்பறை அவருக்குக் கிடைத்தது. பிறகு தச்சு வேலைப் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி சென்று, மாலைப் பள்ளியில் படித்து முன்னேறி, பெர்லினில் கட்டடக் கலை பயின்றார். படிப்பை முடிக்கும் முன்பே, நண்பர்களிடம் பணம் திரட்டி, 2001-இல் தன் ஊரில் தொடக்கப் பள்ளி ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார். மண்ணால் கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னபோது ஊர்க்காரர்களுக்கு ஏமாற்றம். ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவன் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டுவருவான் என்று எதிர்பார்த்தார்கள். மண் சுவர் ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது என்பது அவர்களுடைய அனுபவம். என்னிடம் கேள்வி கேட்ட தாத்தாவின் வருத்தமும் அவர்களுடையதும் ஒரே வகை. மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்திச் செய்த கற்களைக் காட்டித்தான் அவர் ஊரை இணங்க வைத்தார்.

அந்தப் பள்ளியில் மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அறைக்கும் அறைக்கும் நடுவே கூரை மட்டும் வேய்ந்த திறந்த வெளி. அறைகளுக்கு மேலே துளைகள் விட்ட மண்கல் தளம். அதற்கும் மேலே சற்று உயரத்தில், கட்டடத்தைத் தொடாமல், சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் தகரக் கூரை. தகரத்தைத் தாங்கும் சட்டகத்தை, கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரணக் கம்பிகளை வளைத்துப் பற்றவைத்தே செய்திருக்கிறார்கள். பளு தூக்கி எதுவும் அந்த ஊருக்கு வர வழியில்லாததால், ஆட்களே தூக்கி வைக்கும் எடையில் கூரை இருக்க வேண்டியிருந்தது. வெயில் தகரத்தைச் சுட்டால் அந்தச் சூடு தகரத்துக்கும் தளத்துக்கும் நடுவே ஓடும் காற்றோடு போய்விடுகிறது. அறைக்குள் எழும் வெப்பக் காற்று தளத்தின் துளைகள் வழியே மேலேறி அதனுடன் சேர்ந்துகொள்கிறது. சன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே வருகிறது. எங்கள் பிள்ளைகளை மரத்தடிக்கு விரட்டிய அதே தகரம்தான் அங்கேயும். மூன்றடி மேலே தூக்கி வைத்திருந்தால் நாங்கள் பாடத்தை முடித்திருப்போம் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை. தரையை ஆண்களும் பெண்களுமாகக் கட்டை கொண்டு அடித்து இறுக்க, பெண்கள் கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். பக்கத்தில் அவர் திட்டமிட்ட நூலகத்துக்கு, ஊர்ப் பெண்கள் வனைந்த பானைகளின் அடியை வெட்டித் தளத்துக்குள் பதித்தார்கள். பானை வாய் வழியே வெளிச்சம் இறங்கும், சூடு ஏறும். 2004-இல் ஆகா கான் விருதும், 2022-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய அங்கீகாரமான பிரிட்ஸ்கர் பரிசும் அவருக்குக் கிடைத்தன. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்.

ஜப்பானில் தகாஹாரு தெசுகாவும் யூய் தெசுகாவும் கட்டிய புஜி மழலையர் பள்ளியைப் பற்றிக் காணொளிகள் நிறையச் சுற்றுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். தோக்கியோவுக்கு அருகே தாச்சிக்காவாவில் 2007-இல் திறந்த அந்தப் பள்ளி, வளையம்போல் வளைந்த ஒரே கட்டடம். அதன் கூரை முழுவதும் பிள்ளைகள் ஓடி விளையாடும் தளம். ஏற்கெனவே நின்ற மரங்களை வெட்டாமல் கூரையைத் துளைத்து மேலே போகவிட்டு, தண்டைச் சுற்றி வலை கட்டியிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் பிள்ளையின் கால் நுழையும், தலை நுழையாது. ஆகவே அவர்கள் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக் கீழே நடப்பதை வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தக் கம்பி இடைவெளி எனக்கு மிகவும் பிடிக்கும். வகுப்புகளுக்கு நடுவே சுவரே இல்லை என்பது மட்டும் எனக்கு உவப்பாயில்லை. அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் சுவரில்லாத திறந்த பள்ளிகளை ஏராளமாகக் கட்டி, இரைச்சல் தாங்காமல் ஆசிரியர்கள் அலமாரியை நகர்த்தி மறைத்து, பிறகு நிர்வாகமே தடுப்புச் சுவர் எழுப்பிய கதை உண்டு. ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை வைத்து ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, மறுபக்கம் ஆத்திசூடி. சுவரின் அருமை எனக்குத் தெரியும்.

அறை பிள்ளையின் படிப்பை எவ்வளவு தூரம் பாதிக்கிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேரெட் குழுவினர் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 பிள்ளைகளையும் ஆராய்ந்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓராண்டில் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்தில் காணப்பட்ட வேறுபாட்டில் 16 சதவீதத்தை வகுப்பறையின் தன்மைகளால் விளக்க முடிந்தது. வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகியவற்றோடு, அறை தங்களுடையது என்று பிள்ளைகள் உணர்வதும் அந்தப் பட்டியலில் இருந்தது. வண்ணத்திலும் அலங்காரத்திலும் மட்டும் அளவு மிஞ்சினாலும் கெடுதல், வெறிச்சென்று விட்டாலும் கெடுதல் என்று தெரிந்தது.

அலங்காரம் என்றதும் எங்கள் பள்ளிக் கதவு நினைவுக்கு வருகிறது. கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பாயி, கட்டடத்தையே கற்றல் துணைக்கருவியாக்கும் பாலா என்ற முறையை உருவாக்கினார். சன்னல் கம்பிகளை எழுத்துப் பயிற்சிக்கு ஏற்ற வளைவுகளாக அமைப்பது, மின்விசிறி இறக்கைகளில் வண்ணம் பூசிச் சுழலும்போது நிறங்கள் கலப்பதைக் காட்டுவது, கதவு திறக்கும் தடத்தில் தரையில் கோணமானி வரைவது என்று அதில் எத்தனையோ யோசனைகள் உண்டு. நாங்களும் ஆசைப்பட்டுக் கதவடியில் கோணமானி வரைந்தோம். 30, 60, 90 என்று அழகாக எண்களும் எழுதினோம். கதவுக்குப் பின்னால் பதிவேட்டு பீரோ இருப்பதை வரையும்போது யாரும் யோசிக்கவில்லை. கதவு 60-இல் போய் பீரோவில் இடித்து நின்றுவிடும். "கதவை முழுசாத் திறந்தா எத்தனை டிகிரி?" என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் சற்றும் தயங்காமல் "அறுபது டீச்சர்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. தவறு என்று சொல்ல எனக்கு ஒரு நியாயமும் கிடைக்கவில்லை. பீரோவை நகர்த்த வேறு இடம் இல்லாததால், அடுத்த ஆண்டு கோணமானியை மறைத்து ஒரு கார்ட்டூன் எலி வந்துவிட்டது. இந்தக் கார்ட்டூன்கள் எப்படி எல்லாப் பள்ளிச் சுவர்களையும் பிடித்துக்கொண்டன என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

இப்போது எங்கள் பள்ளியில் எண்ணும் எழுத்தும் நடக்கிறது. 2022-இல் தொடங்கிய இத்திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறோம். பாட்டுக்கும் கதைக்கும் படைப்புக்கும் தனித்தனிக் களங்களை அறைக்குள் அமைக்கிறோம். ஒரு வகையில் பழைய செயல்வழிக் கற்றலின் பேத்தி அது. ஸ்மார்ட் போர்டும் வருகிறது. அதற்கு நான் எதிரியல்ல; பிள்ளைகள் கடலையே பார்த்திராத ஊரில் திமிங்கலத்தைக் காட்டுவதற்கு அதைவிட வேறு வழியில்லை. ஆனால் அதை மாட்ட அளவெடுக்க வந்தவர்கள் சுவரில் குறி வைத்த உயரத்தைப் பார்த்தேன். அது பழைய கரும்பலகையின் உயரம். என் தோளின் உயரம். நாற்காலி மறுபடி தேவைப்படும்.

மறுநாள் காலை பெயிண்டர் வந்ததும், பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் பட்டையை அப்படியே வைத்து, கறுப்பு வண்ணம் புதிதாக அடித்துத் தரச் சொன்னேன். ஸ்மார்ட் போர்டு வரும் முன்சுவரை மட்டும் வெள்ளையாக்கிக்கொள்ளலாம் என்றேன். கறுப்பு பெயிண்ட் கணக்கில் இல்லை, தனியாகக் காசாகும் என்றார். சரி என்றேன். "உயரம் இதே அளவு போதுமா டீச்சர்? ரொம்பத் தாழ்வா இருக்கே" என்று கேட்டார். அந்த மூன்றடியை முதலில் யார் முடிவு செய்தார்கள், எந்தப் பிள்ளையை வைத்து அளந்தார்கள் என்று நான் கேட்டுப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டிலிருந்து, ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் பெண் பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டவுடன் ஓடி வந்தாள். சுவரைப் பார்த்து உட்கார வைத்து, கையைத் தூக்கி எட்டுகிற வரைக்கும் தொடச் சொன்னேன். பெயிண்டர் பென்சிலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, இடுப்பைத் தூக்கி, விரல் நுனியால் இன்னும் ஓர் அங்குலம் மேலே தொடப் பார்த்தாள்.

"எக்காத பாப்பா," என்றார் அவர். "சும்மா உக்காரு. எட்டுற எடம் போதும்."